இந்தப் படத்தில் இப்போது எந்த மாதம்?

2015ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். ஆண்டு ஐந்து, கலைக்கல்விப் பாடம். வெண்பலகையில் ‘இரவு’ என்று ஒரே ஒரு சொல்லை எழுதிப்போட்டு, “வரைங்க” என்றேன். பாட முடிவில் பிறை நிலா, ஐந்துமுனை நட்சத்திரம், ஓட்டு வீடு, பக்கத்தில் ஒரு தென்னை என்று வரிசையாக என் மேசைக்கு வந்து சேர்ந்தன. தோட்டத்திலிருந்து வரும் ஒரு பையன் மட்டும் தாள் முழுக்கச் சாம்பலும் பழுப்பும் கலந்து அப்பியிருந்தான். கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி ஒரு சிவப்பு வட்டம். கீழே கறுப்பாய் இரண்டு பட்டை. அவ்வளவுதான்.

“என்னப்பா இது? ராத்திரிய வரையச் சொன்னா சூரியன வரைஞ்சிருக்க?”

“நெலா சார்.”

“நெலா செவப்பாவா இருக்கும்?”

பையன் வாயைத் திறக்கவில்லை. ‘மீண்டும் செய்க’ என்று எழுதிக் கொடுத்தேன்.

அன்றிரவு கடைக்குப் போய்த் திரும்பும்போது தற்செயலாக நிமிர்ந்து பார்த்தேன். செம்பனை மரங்களுக்கு மேலே, புகைமூட்டத்துக்குள், அவன் வரைந்த அதே சிவப்பில் நிலா நின்றது. கீழே இரண்டு வரிசை மரங்கள் இரண்டு கறுப்புப் பட்டையாய்த் தெரிந்தன. அந்த வருடப் புகைமூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும், பள்ளிகளையே மூடினார்கள். முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு கைப்பேசியில் காற்று மாசுக் குறியீட்டை மணிக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டிருந்த நான், வானத்தைப் பார்க்கவே இல்லை. பையன் பார்த்திருக்கிறான்.

ஆசிரியர் நண்பர்களே, தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகளே, இந்தக் கட்டுரை அந்தப் படத்துக்கு நான் தரவேண்டியிருந்த மதிப்பீடு. கொஞ்சம் தாமதமாக எழுதுகிறேன்.

ஒரு படத்தைக் கண்டதும் நம் வாயில் முதலில் வருவது ‘இது என்ன?’ என்ற கேள்வி. பூனைப் படத்துக்கு அது போதும். நிலவிலிருந்தும் பருவத்திலிருந்தும் பிறந்த அரூப ஓவியத்துக்கு அது உதவாது. ஏனென்றால் அங்கே ஓவியர் ஒரு பொருளைக் கொண்டுவந்து வைக்கவில்லை, ஒரு பொழுதைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். ‘இது எப்போ? எந்த மாசம்? எத்தனை மணி?’ என்று கேட்டுப் பாருங்கள். படம் வாய் திறக்கும். அன்றைக்கு நான் அந்தப் பையனிடம் “இது எப்போடா பார்த்தே?” என்று கேட்டிருந்தால், “நேத்து ராத்திரி சார், பொகையில” என்று சொல்லியிருப்பான். கதை அங்கேயே முடிந்திருக்கும்.

இந்தக் கேள்வியை நான் கண்டுபிடிக்கவில்லை. அகப்பொருள் இலக்கணம் படித்தவர்கள் அதை ஏற்கெனவே கையில் வைத்திருக்கிறார்கள். முதற்பொருள் எது? நிலமும் பொழுதும். மரம், பறவை, தொழில் எல்லாம் கருப்பொருளாய் அதற்குப் பிறகுதான் வருகின்றன. ஆறு பெரும்பொழுது, ஆறு சிறுபொழுது என்று வாய்ப்பாடுபோல ஒப்பிக்கிறோமே, அதைப் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்த நமக்குத் தோன்றுவதில்லை. கார் காலமும் மாலையும் சேர்ந்தால் காத்திருப்பு. நண்பகலும் வேனிலும் சேர்ந்தால் பிரிவு. வண்ணமும் வடிவமும் மட்டும் இருக்கும் படமும் இப்படித்தான் வேலை செய்கிறது. கதை இல்லை, ஆள் இல்லை. பொழுது இருக்கிறது, அந்தப் பொழுதுக்குரிய மனநிலை இருக்கிறது.

“அரூப ஓவியமெல்லாம் நம்ம பிள்ளைகளுக்குப் புரியாது” என்று சொல்பவர்களுக்கு ஒன்று. உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியைப் பாருங்கள். ஒரு தேதியில் கறுப்பு வட்டம், இன்னொரு தேதியில் வெள்ளை வட்டம். அமாவாசை, பௌர்ணமி என்று பாட்டி முதல் பேத்தி வரை படிக்கிறார்கள். யாரும் “இது என்ன படம்?” என்று கேட்பதில்லை. அலமாரியில் பத்திரமாக இருக்கும் ஜாதகத்தில் பன்னிரண்டு கட்டம். அதில் ‘சந்’ என்று ஓர் எழுத்து எந்தக் கட்டத்தில் விழுந்திருக்கிறதோ அதுதான் உங்கள் ராசி. நீங்கள் பிறந்த நேரத்து நிலவை இதைவிட அரூபமாக யார் வரைய முடியும்?

இதை ஓவியமாகவே எடுத்துக்கொண்டவர் கே. சி. எஸ். பணிக்கர். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர், சென்னை அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர், 1966இல் சென்னைக்கு வெளியே கடற்கரையில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியவர். 1963 முதல் அவர் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ தொடரைப் பார்த்தால் ஜாதகக் கட்டங்கள், எண்கள், வட்டங்கள், மலையாள எழுத்துப்போலத் தோன்றும் கிறுக்கல்கள் எல்லாம் ஒரு பழைய ஏட்டில் கிடப்பதுபோல் கிடக்கும். வாசிக்கப் போனால் வாசிக்க முடியாது. எனக்கு இந்தத் தொடர்மேல் மரியாதை உண்டு, ஆனால் நெருக்கம் கொஞ்சம் குறைவு. கட்டம் இருக்கிறது, வானம் இல்லை என்று தோன்றும். நீங்கள் பார்த்து வேறு மாதிரிச் சொன்னால் மகிழ்ச்சிதான்.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

சிரம்பானில் இருப்பவர்களுக்கு மந்தின் வழியாக லெங்கெங் போகும் சாலை தெரிந்திருக்கும். அந்த லெங்கெங்கில் பிறந்தவர் லத்திப் மொஹிடின். மலேசிய ஓவியத்தில் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று, மலாய்க் கவிதையிலும் முக்கியமான பெயர். சிறுவயதிலேயே சிங்கப்பூருக்குப் போய், பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே ஓவியக் கண்காட்சி வைத்து ‘அதிசயச் சிறுவன்’ என்று பெயர் வாங்கினார். 1960களின் தொடக்கத்தில் உதவிச் சம்பளத்தில் பெர்லின் போய் ஓவியம் படித்தார். 1964 முதல் 1969 வரை அவர் வரைந்த படங்களின் தொடருக்குப் பெயர் ‘பாகோ பாகோ’. பெயர் பகோடா என்ற சொல்லிலிருந்து கிளைத்தது. சமோவா தீவில் அதே பெயரில் ஓர் ஊர் இருக்கிறது, இணையத்தில் தேடினால் அதுதான் முதலில் வரும், குழம்பிவிடாதீர்கள். 2018இல் பாரிஸ் பொம்பிதூ கலை மையம் இந்தத் தொடரை மட்டும் எடுத்துத் தனிக் கண்காட்சியாக வைத்தது. நெகிரி செம்பிலான் கம்பத்தில் பிறந்த ஒருவருக்கு! இதைத் தேர்வில் எழுதினால் புள்ளி கிடைக்குமோ இல்லையோ, வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அந்தப் படங்களில் என்ன தெரியும்? நடுவில் ஒரு வடிவம் நிமிர்ந்து நிற்கும். மூங்கில் குருத்து என்று நினைப்பீர்கள். அடுத்த நொடி அது புத்தவிகாரையின் கோபுரமாகும். இன்னும் கொஞ்சம் பார்த்தால் எருமைக் கொம்பு, தாழை மடல், சங்கு. தடித்த கறுப்புக் கோடு. துருச்சிவப்பு, மண்மஞ்சள், கரும்பச்சை. ஒன்றின் மேல் ஒன்று முட்டிக்கொண்டு மேலே போகும். காற்று நுழைய இடமில்லாத நெருக்கம். ‘இது என்ன?’ என்று கேட்டால் ஐந்து பேர் ஐந்து பதில் சொல்லிச் சண்டைதான் வரும். ‘இது எப்போ?’ என்று கேளுங்கள். மழை விட்ட மறுநாள் காலை. மண் சூடாகி ஆவி கிளம்பும் நேரம். நேற்று இல்லாத குருத்து இன்று விரல் உயரம் நிற்கும் பொழுது.

இதில் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது ஒரு விஷயத்தை. இந்தத் தொடர் கருக்கொண்டது நம் காட்டில் இல்லை, பெர்லினில். இலை முழுக்கக் கொட்டிப்போகும், பனி விழும் ஊரில் வருடக்கணக்காக உட்கார்ந்துகொண்டு அந்த மனிதர் வரைந்தது வெப்பமண்டலத்து முளையை. பிறகு தென்கிழக்காசியாவில் ஊர் ஊராகச் சுற்றி அதை வளர்த்தெடுத்தார். வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று நான்கு பருவத்தையும் நேரில் பார்த்தவர், அந்த நான்கையும் வரையவில்லை. தான் பிறந்த மண்ணில் செடி மூச்சுவிடாமல் வளர்கிறதே, அந்த நிற்காத பருவத்தை வரைந்தார்.

நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? ‘பருவங்கள்’ என்று தலைப்புக் கொடுங்கள். தாளை நான்காக மடித்து, ஒரு கட்டத்தில் பனிமனிதன், ஒரு கட்டத்தில் மேப்பிள் இலை, ஒரு கட்டத்தில் செர்ரிப்பூ, ஒரு கட்டத்தில் கடற்கரைக் குடை. லத்திப் பனியில் உட்கார்ந்து வெயிலை வரைந்தார். நம் வகுப்பில் விசிறி ஓடாத அறையில் வியர்த்துக்கொண்டு பனியை வரைகிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். நான்கு பருவம் என்று பயிற்றியில் போட்டுக் கொடுத்தது நாம்தானே.

தோட்டத்தில் பருவமே கிடையாதா என்ன? பழைய ஆட்களைக் கேளுங்கள். பால்மரக் காட்டில் பிப்ரவரி, மார்ச் வந்தால் இலையெல்லாம் பழுத்துச் சிவக்கும். நிரைநிரையாக ஆரஞ்சும் செம்பும். ஒரு காற்றடித்தால் சரசரவென்று கொட்டி, லயத்து வாசல்வரை வந்து சேரும். பிறகு சில நாள் மொட்டை மரம். அதற்கப்புறம் செம்பு நிறத்தில் பளபளவென்று புதுத்தளிர். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் படம் பிடிப்பார்கள். தோட்டத்தில் இருந்தவர்களுக்கு அந்தச் சிவப்பு வேறு. இலை விழுந்தால் பால் குறையும், பால் குறைந்தால் சம்பளம் குறையும். விடியுமுன் இருட்டில், குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும் என்று நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நிலா வெளிச்சம் இருந்தால் அதையும் துணைக்கு வைத்துக்கொண்டு, மரம் சீவப் போனவர்கள் பாதி வாளியோடு திரும்பிவந்த மாதங்கள் அவை. அழகான மாதம், கடைக்காரரிடம் கடன் ஏறும் மாதம். ஆறு பெரும்பொழுதில் மாசியும் பங்குனியும் பின்பனி. பின்பனி பாலைத் திணைக்கும் உரியது. நம் நாட்டில் பனியும் இல்லை, பாலையும் இல்லை. ஆனால் பால்மரம் அந்த இரண்டு மாதத்தையும் எப்படியோ சரியாகப் பிடித்து வைத்திருந்தது.

‘இருந்தது’ என்று எழுதுகிறேன், பாருங்கள். ரந்தாவ், சிலியாவ், பகாவ், கெமஞ்சே என்று எந்தப் பக்கம் போனாலும் இப்போது கண்ணுக்குப் படுவது பெரும்பாலும் செம்பனை. செம்பனைக்கு இலையுதிர் காலம் கிடையாது. வருடம் முழுக்க ஒரே பச்சை, வருடம் முழுக்கக் குலை. பால்மரம் போனபோது வேலை போனது, லயம் போனது என்று எழுதியிருக்கிறோம், மேடையில் பேசியிருக்கிறோம். கண்ணால் பார்க்க முடிந்த ஒரே பருவமும் கூடவே போய்விட்டது என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை. இன்றைக்குத் தோட்டத்துப் பிள்ளைக்கு மிச்சமிருக்கும் பருவங்கள் மழை, வெயில், சில வருடம் புகை. 2015இல் என் மாணவன் வரைந்தது அந்த மூன்றாவது பருவத்தை.

லத்திப் மேல் எனக்கு ஒரு குறை உண்டு என்றால் அதுவும் இங்கேதான். ‘பாகோ பாகோ’ தொடரில் எல்லாம் முளைக்கின்றன, எதுவும் உதிர்வதாக எனக்குத் தெரியவில்லை. அவருடைய செடி தனியாக, ராஜா மாதிரி நிற்கிறது. தோட்டத்து மரம் அப்படி நிற்காது. அளந்து, குறி வைத்து, நிரையில் நட்ட மரம். ஒவ்வொன்றிலும் கத்தி பட்ட தழும்பு இருக்கும். காட்டின் பருவத்தை அவர் வரைந்துவிட்டார். நிரையின் பருவம் இன்னும் வரையப்படாமல்தான் கிடக்கிறது.

இனி நிலவு. மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: வட்டம் கண்ட இடமெல்லாம் நிலா என்று எழுதிவிடாதீர்கள். சையத் ஹைதர் ரசாவின் படங்களில் 1970களின் பிற்பகுதியிலிருந்து பெரிய கறுப்பு வட்டம் ஒன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. அது நிலா இல்லை, அவரே அதற்கு வைத்த பெயர் பிந்து, அதாவது புள்ளி. மத்தியப் பிரதேசத்துக் காட்டோரக் கிராமத்தில் படித்தபோது, வகுப்பில் மனம் ஓடிக்கொண்டே இருந்த சிறுவனை நிறுத்தி, சுவரில் ஒரு புள்ளி வைத்து “இதையே பார்” என்றாராம் அவருடைய ஆசிரியர். அந்த வாத்தியார் ‘மீண்டும் செய்க’ என்று எழுதவில்லை. நான் மேற்கொண்டு ஒன்றும் சொல்லப் போவதில்லை.

நிலவேதான் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய படம் ஒன்று வேண்டுமா? பால் க்ளே வரைந்த ‘முழுநிலவில் தீ’. ஜெர்மனியின் எசன் நகரில், ஃபோல்க்வாங் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இணையத்தில் எளிதாகக் கிடைக்கும், பார்த்துக்கொண்டே படியுங்கள். துணி ஒட்டுப்போட்டதுபோலக் கட்டம் கட்டமாக வண்ணங்கள். அவற்றின் நடுவே ஒரு வட்டம்; அது நிலா. சிலுவைபோல ஒரு சிவப்பு வடிவம், அது தீ. சுடர் இல்லை, புகை இல்லை. ஆனால் நிலவின் குளிர்ச்சியும் தீயின் சூடும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்பது தெரியும். அதற்குக் காரணம் வண்ணம்தான்: சுற்றியிருக்கும் கட்டங்கள் மங்கி ஒதுங்கியிருப்பதால் அந்தச் சிவப்பு தாளைவிட்டு வெளியே வருகிறது.

‘எப்போ?’ என்று கேட்டால் முதல் பதில், பௌர்ணமி இரவு. இரண்டாவது பதில் படத்துக்கு அடியில் இருக்கிறது: 1933. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த ஆண்டு. க்ளே அப்போது டூசல்டார்ஃப் கலைக்கழகத்தில் ஆசிரியர், நம்மைப்போல வாத்தியார்தான். அந்த வருடம் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். வருடக் கடைசியில் நாட்டைவிட்டு சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டார். உடனே ‘இத்தீ ஹிட்லரின் கொடுங்கோன்மையைக் குறிக்கிறது’ என்று எழுதப் பேனாவைத் திறக்காதீர்கள். படம் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ஆண்டே தெரியாத மாதிரி ‘இயற்கையின் எழில்’ என்று எழுதுவதும் சரியில்லை. ‘1933இல் வரையப்பட்டது என்பதை அறிந்த பிறகு இந்தச் சிவப்பை அமைதியாகப் பார்க்க முடியவில்லை’ என்று எழுதுங்கள். அது உண்மை, உங்களால் நிறுவவும் முடியும்.

இந்தப் படத்தை ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் காட்டியபோது, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வந்த ஓர் அம்மா வாசலில் நின்று பார்த்தார். “மறுநடவுக்கு முன்னால மரத்தையெல்லாம் சாய்ச்சுப்போட்டு எரிப்பாங்கல்ல சார், ராத்திரியில லயத்துலருந்து பார்த்தா இப்படித்தான் இருக்கும்” என்றார். திறந்தவெளியில் எரிப்பதற்கு இப்போது தடை, பிள்ளைகள் யாரும் அதைப் பார்த்ததில்லை. க்ளேயும் நம் தோட்டத்தைப் பார்த்ததில்லை. ஆனாலும் அன்றைக்கு அந்த அறையில் படத்தைச் சரியாகப் படித்தவர் அவர்தான். என் விளக்கம் இரண்டாவது.

தேர்வில் எழுதுவதைப் பற்றி ஒரு வார்த்தை. நான் திருத்தும் தாள்களில் அடிக்கடி வரும் வரி இது: ‘இவ்வோவியம் இயற்கையின் அழகை வெளிப்படுத்துகிறது. வண்ணங்கள் மிகவும் அழகாக உள்ளன.’ எந்தப் படத்துக்கும் பொருந்தும் வரி எந்தப் படத்தைப் பற்றியதும் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு மாணவி ‘பாகோ பாகோ’ படம் ஒன்றைப் பற்றி எழுதியதைக் கொஞ்சம் திருத்தித் தருகிறேன்: ‘இப்படத்தின் கோடுகளில் பெரும்பாலானவை கீழிருந்து மேலே செல்கின்றன. நுனிகள் கூராக உள்ளன. பச்சைக்குள் துருச்சிவப்பு கலந்திருப்பதால் ஈரமும் சூடும் சேர்ந்து தெரிகின்றன. எனவே இது இலை உதிரும் காலம் அன்று. மழைக்குப் பின் முளைக்கும் காலம் எனக் கொள்கிறேன்.’ கண்டதை முதலில் சொன்னாள், பொழுதைப் பிறகு சொன்னாள், ‘கொள்கிறேன்’ என்று தன் பெயரில் முடித்தாள். அந்தக் கடைசிச் சொல்லுக்காகவே நான் கூடுதலாக ஒரு புள்ளி போட்டேன்.

எங்கள் பள்ளிக்குப் பின்னால் வேலியோரம் யாரும் சீவாத பால்மரங்கள் சில இன்னும் நிற்கின்றன. போன மார்ச்சில் ஆண்டு ஐந்து பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய், மரத்தை வரைய வேண்டாம், மாதத்தை வரைங்க என்றேன். பெரும்பாலும் சிவப்பும் ஆரஞ்சுமாக வந்தது. ஒரு பெண்பிள்ளை மட்டும் ஏறக்குறைய வெறும் தாளைக் கொடுத்தாள். நெட்டுக்குத்தாக நான்கு பழுப்புக் கோடு. வேறொன்றும் இல்லை. இந்தத் தடவை ‘இது என்ன?’ என்று கேட்காமல் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“எந்த மாசம்மா இது?”

“மார்ச் கடைசி சார். எல்லாம் விழுந்துருச்சு. புதுசு இன்னும் வரல.”

எத்தனை புள்ளி போட்டீர்கள் என்று கேட்காதீர்கள். தாள் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது.